பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

அமெரிக்க சினிமாவைக் கடுமையாகச் சாடும் நம் முற்போக்கு விமர்சகர்கள் ஒரு வகைப் படங்களுக்கு மட்டும் தனிச் சலுகை காட்டி வருகின்றனர். 1940களிலும் 1950களிலும் ஹொலிவூட்டில் தயாரான குற்றப் படங்களே அவை. இருளும் மழையும் சிகரெட்டுப் புகையும் நிறைந்த அப்படங்களைக் 'கறுப்புப் படங்கள்' என்ற பொருள்பட 'பில்ம் நுவார்' என்று 1946இல் அழைத்தவர் நீனோ பிராங்க் என்னும் பிரெஞ்சு விமர்சகர். 1955இல் போர்ட், ஷோமெத்தோன் ஆகிய இருவர் அவற்றை ஆராய்ந்து தனி நூலே எழுதினர். "ஹொலிவூட்டின் சர்க்கரைப் பாகுக்கு நடுவே மெய்யைச் சொன்னவை இவையே, பணத்தாசை மனிதனை எவ்வாறு கொலைகாரனாக்குகிறது என்று காட்டியவை இவையே, ஆகவே இவை நம் பக்கத்தவை" என்று கூறுவது இன்று ஒரு மரபாகிவிட்டது. திரைப்பட வட்டங்களில் இவை திரையிடப்படும்போது வாசிக்கப்படும் அறிமுகக் குறிப்புகளிலும் இதே பல்லவிதான்.

இக்கூற்று முற்றிலும் பொய்யன்று, பாதி மெய். பாதி மெய் முழுப் பொய்யினும் ஆபத்தானது என்பதை அரசியலில் நாம் நன்கு அறிவோம். கலை என்று வந்ததும் ஏனோ மறந்து விடுகிறோம். பணத்தின் குற்றத்தை இப்படங்கள் காட்டுகின்றன என்பதை மறுப்பாரிலர். காட்டிய குற்றத்தை அவை யார் தலையில் ஏற்றுகின்றன என்பதே நமது கேள்வி. காப்புறுதிக் கொம்பனியின் தலையிலா? சூதாட்ட முதலாளியின் தலையிலா? மனைவியைச் சொத்தாகக் கருதும் குடும்ப அமைப்பின் தலையிலா? இல்லை. அழகிய பெண்ணொருத்தியின் தலையில் ஏற்றுகின்றன. அவள் சுடப்பட்டு வீழ்ந்ததும் கதை முடிகிறது. உலகம் தூய்மையாகிவிட்டது என்ற நிம்மதியோடு பார்வையாளன் வீடு திரும்புகிறான். கொம்பனியோ மறுநாட் காலை வழக்கம்போல் கதவு திறக்கிறது.

இவ்வகைப் படங்களின் தலைமகவு என்று போற்றப்படுவது 1944இல் வெளிவந்த 'டபிள் இன்டெம்னிற்றி'. ஜேம்ஸ் எம். கெயின் எழுதிய நாவலுக்கு நெறியாளர் பில்லி வைல்டரும் எழுத்தாளர் றேமன்ட் சான்ட்லரும் திரைவடிவம் தந்தனர். காப்புறுதி முகவன் வோல்ற்றர் நெவ், ஒரு செல்வனின் மனைவியான பிலிஸ் என்பவளோடு கூடி அவள் கணவனைக் கொல்கிறான். மரணம் இரயில் விபத்தாகத் தோன்றினால் 50,000 டொலர் காப்புறுதி இரட்டிப்பாகி 100,000 டொலர் கிடைக்கும். படத்தின் பெயரே இந்த இரட்டிப்பு விதியைக் குறிப்பதுதான்.

இக்கதையில் குற்றத்தின் சூத்திரதாரி யார்? படத்தையே சாட்சிக்கு அழைப்போம். கணவனுக்கு விபத்துக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பிலிஸுடையது. ஆயின் இரட்டிப்புத் தொகையைக் குறிவைத்து, இரயிலைத் தேர்ந்து, நாளும் நேரமும் வகுத்து, தன் கையாலேயே கொலையை முடிப்பவன் நெவ். தான் வேலை செய்யும் கொம்பனியை ஏமாற்றும் வழியை நெடுநாளாகவே மனத்துள் கணக்கிட்டு வந்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான். சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றும் ஊழியன், அச்சக்கரத்தைத் தானே வளைக்க நினைப்பது போன்றது அவன் நினைப்பு. அவளைக் காணுமுன்னரே அவன் உள்ளத்தில் குற்றம் குடியேறிவிட்டது. அவ்வாறிருந்தும் எண்பது ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் கதைச் சுருக்கங்கள் என்ன கூறுகின்றன? 'தீய பெண்ணொருத்தியின் வலையில் வீழ்ந்த முகவனின் கதை' என்கின்றன.

இந்தத் திரிப்பு எழுதுவோரின் கவனக் குறைவால் நேர்ந்ததன்று. படத்தின் அமைப்பே அதனை விளைவிக்கிறது. முதலாவது, குரல். கதை முழுவதையும் நெவ்வே சொல்கிறான். குண்டடிபட்ட உடலோடு காரியாலயத்தில் அமர்ந்து, ஒலிப்பதிவுக் கருவியின் முன் வாக்குமூலம் அளிக்கிறான். பிலிஸுக்கு வாக்குமூலம் இல்லை. அவள் யார், எதற்கு அஞ்சினாள் என்பவற்றை அவள் வாயால் கேட்கும் வாய்ப்பு நமக்கு ஏறத்தாழ இல்லை. நீதிமன்றத்தில் ஒருபக்கச் சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தால் வெகுண்டெழும் நாம், படமாளிகையில் அதனை வியந்து பாராட்டுகிறோம்.

இரண்டாவது, கமராவின் கண். பிலிஸ் முதன்முதல் தோன்றுவது மாடிப்படியின் உச்சியில், துவாயைச் சுற்றிக்கொண்டு. அடுத்து அவள் படியிறங்கி வரும்போது நாம் காண்பது அவள் காலையும் அதிலுள்ள சங்கிலியையும். அவள் ஒரு மனுஷியாக அறிமுகமாகுமுன் உறுப்பாக அறிமுகமாகிறாள். நெவ் பார்க்கிறான், அவன் கண்ணைக் கடன் வாங்கி நாமும் பார்க்கிறோம். ஹொலிவூட் படங்களில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்ற இந்த விதியை 1975இல் லோறா மல்வி என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கட்டுரையில் விளக்கினார். கல்வியுலகம் அதனை ஏற்றுக்கொண்டு பல காலமாயிற்று. நம் சினிமா எழுத்துக்கு மட்டும் அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

மூன்றாவது, முடிவு. இறுதிக் காட்சியில் பிலிஸ் நெவ்வை ஒருமுறை சுடுகிறாள். இரண்டாம் முறை சுட அவளால் முடியவில்லை. துப்பாக்கியை அவளிடமிருந்து வாங்கிய அவன் அவளை அணைத்தபடியே சுட்டு வீழ்த்துகிறான். தயங்கியவள் அவள், தயங்காதவன் அவன். இவர்களில் 'இரக்கமற்றவள்' என்று பட்டம் பெற்றவள் எவள் என்று வாசகரே காண்க! அவள் பிணத்துக்காக வருந்த ஒருவருமில்லை. நெவ்வுக்கோ, இறக்கும் தறுவாயில் அருகே முழந்தாளிட்டுச் சிகரெட்டுக்குத் தீ மூட்ட நண்பன் கீஸ் இருக்கிறான். ஒரே குற்றம் செய்த இருவருள் ஆணுக்கு அவல நாயகனின் சாவு. பெண்ணுக்குப் பாம்பின் சாவு.

"தணிக்கை விதிகள் அப்படி, நெறியாளர்கள் என் செய்வர்?" என்பார் உளர். 1930இல் வகுக்கப்பட்டு, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டு, 1968இல் கைவிடப்பட்ட அந்த விதிக்கோவை குற்றம் தண்டனையின்றி முடியலாகாது என்று கட்டளையிட்டது மெய்யே. கெயினின் கதையையே 1935இல் படமாக்கத் தகாதது என்று தணிக்கைக் காரியாலயம் தடுத்தது. ஆனால் அவ்விதி குற்றவாளிகள் அனைவருக்கும் பொதுவானது. ஆணுக்கு வாக்குமூலத்தையும் நண்பனையும் தந்து, பெண்ணுக்கு இரண்டையும் மறு என்று எந்தத் தணிக்கையாளனும் கட்டளையிடவில்லை. அது நெறியாளரின் சொந்த ஈகை.

இக்கதைக்கு வித்திட்ட மெய்யான நிகழ்ச்சியையும் நோக்குவோம். 1927இல் நியூயோர்க்கில் றூத் சினைடர் என்ற பெண், தன் காதலனான ஜட் கிறே என்பவனோடு சேர்ந்து கணவனைக் கொன்றாள். அங்கேயும் இரட்டிப்புக் காப்புறுதி இருந்தது. 1928 சனவரி 12ஆந் திகதி சிங்சிங் சிறையில் இருவரும் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டனர். அன்றிரவு பத்திரிகைப் படப்பிடிப்பாளன் ஒருவன் தன் கணுக்காலில் சிறு கமராவை மறைத்துக் கட்டிச்சென்று, அப்பெண்ணின் உடலில் மின்சாரம் பாயும் கணத்தைப் படம் பிடித்தான். அடுத்த நாள் நியூயோர்க்கின் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை அதனை முதற்பக்கத்தில் பெரிதாக வெளியிட்டது. அதே நாற்காலியில் அதே இரவில் மடிந்த ஆணின் படத்தை எவரும் கேட்கவில்லை. கொலைகாரனை மறந்துவிட்டுக் கொலைகாரியை வேடிக்கை பார்க்கும் இந்தப் பசியைப் பத்திரிகை முதலாளி முதலில் கண்டுபிடித்தான். படமுதலாளி பின்னர் வந்து அறுவடை செய்தான்.

இனி, இப்பெண்கள் திரையில் பெருகிய காலத்தை நோக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆண்கள் போர்முனை செல்ல, அமெரிக்கப் பெண்கள் கப்பற்றளங்களிலும் விமானத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் புகுந்தனர். 1940இல் தொழிலாளரில் நூற்றுக்கு 27 பேராயிருந்த பெண்கள் 1945இல் ஏறத்தாழ 37 பேராயினர். யுத்தம் முடிந்ததும் "இடத்தை விடு, அடுப்படிக்குப் போ" என்ற குரல் எழுந்தது. தன் கையால் சம்பாதித்த பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஆணை மட்டும் போதாது. சம்பாதிக்கும் பெண் ஆபத்தானவள் என்ற அச்சமும் ஊட்டப்பட வேண்டும்.

அவ்வச்சத்தை ஊட்டிய படங்களுள் தலையாயது 1945இல் மைக்கல் கேர்ட்டிஸ் நெறிப்படுத்திய 'மில்ட்றெட் பியர்ஸ்'. கணவனைப் பிரிந்த மில்ட்றெட், உணவுச்சாலையில் பரிமாறுபவளாகத் தொடங்கி, தானே பல உணவுச்சாலைகளுக்கு உரிமையாளராகிறாள். இது கெயினின் 1941ஆம் ஆண்டு நாவல். நாவலில் கொலை இல்லை. திரைப்படமோ கொலையொன்றைப் புகுத்தி, கதை முழுவதையும் காவல் நிலையத்து விசாரணையாக மாற்றியது. ஒரு பெண் உழைத்து முன்னேறிய வரலாறு குற்றவாளியின் வாக்குமூலமாயிற்று! கணவனல்லாத ஒருவனோடு அவள் கழிக்கும் முதல் இரவிலேயே இளைய மகள் நோயுற்று இறக்கிறாள். தாயின் உழைப்பில் வளர்ந்த மூத்த மகள் கொலைகாரியாகிறாள். ஈற்றில் மில்ட்றெட் தொழிலை இழந்து பழைய கணவனோடு காலை ஒளியில் நடந்து செல்கிறாள். அவர்கள் கடந்து செல்லும் மண்டபத்தில் இரு பெண்கள் முழந்தாளிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கின்றனர். பெண்ணுக்கு உரிய இடம் எது என்பதை இதனிலும் வெளிப்படையாகச் சொல்ல எந்த அரச பிரசுரத்தாலும் முடியாது.

1946இல் வந்த 'கில்டா' படத்தின் கதை இன்னும் விசித்திரமானது. ஆர்ஜென்ரீனாவில் சூதாட்ட விடுதி நடத்தும் ஒருவன், ஜெர்மானியர் தொடர்புடைய இரகசியக் கூட்டொன்றின் மூலம் உலகத் தங்ஸ்தன் உலோகத்தைத் தன் கைக்குள் கொண்டுவர முனைகிறான். மனித குலத்துக்கு ஆபத்து இங்கே தெளிவாக இருக்கிறது. படம் நம்மை அஞ்சச் சொல்வது எதற்கு? அவன் மனைவி கில்டாவாக நடிக்கும் றீற்றா ஹேவேர்த் பாடிக்கொண்டே ஒரு கையுறையைக் கழற்றுவதற்கு! இத்தனைக்கும் அவள் எவருக்கும் துரோகம் செய்யவில்லை என்று படமே இறுதியில் ஒப்புக்கொள்கிறது. அதற்குள் அவள் அறையப்பட்டு, அடைக்கப்பட்டு, அவமதிக்கப்பட்டாயிற்று. அவள் பாடும் பாட்டும், நகரம் எரிந்ததற்கும் நிலம் நடுங்கியதற்கும் பெண்ணையே காரணமாக்கும் ஆண்களை எள்ளி நகையாடும் பாட்டு. இப்படத்தைத் தயாரித்தவர் வேர்ஜினியா வான் அப் என்ற பெண்மணி என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும்.

அந்த எள்ளலை எவரும் செவிமடுக்கவில்லை என்பதற்கு வரலாறே சான்று. படம் வெளிவந்த அதே ஆண்டு யூலை 1ஆந் திகதி, பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிகினித் தீவுகளில் அமெரிக்கா அணுகுண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அக்குண்டுக்கு இட்ட பெயர் 'கில்டா'. அதன்மேல் ஒட்டியது றீற்றா ஹேவேர்த்தின் படம். குண்டைச் செய்தவர், சுமந்து சென்றவர், கட்டளையிட்டவர் அனைவரும் பெரும்பாலும் ஆண்களே. அச்சோதனைகளுக்காகத் தம் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட பிகினி மக்கள் 167 பேர். அவர்தம் சந்ததியார் இன்றுவரை அங்கே நிரந்தரமாகக் குடியேற இயலவில்லை. பாவம் ஆயுத வல்லரசினுடையது. பெயரோ ஒரு நடிகையினுடையது. கறுப்புப் படங்களின் இலக்கணம் முழுவதையும் விளக்க இவ்வொரு நிகழ்ச்சி போதும்.

அதே நடிகையை அவர் கணவரான ஓர்சன் வெல்ஸ் நடத்திய விதத்தையும் காண்போம். அமெரிக்காவில் 1948இல் திரையிடப்பட்ட 'த லேடி புறொம் ஷாங்காய்' படத்துக்காக வெல்ஸ் அவருடைய புகழ்பெற்ற நீண்ட கூந்தலைக் கத்தரித்து, நிறம் மாற்றினார். கண்ணாடிகள் நிறைந்த மண்டபத்தில் ஒரே பெண் நூறு உருவாகச் சிதறும் காட்சி தொழில்நுட்பத்தில் ஈடிணையற்றது என்பதை நாமும் ஒப்புகிறோம். அதற்கு அடுத்த காட்சி யாது? தரையிற் கிடந்து, சாக விரும்பவில்லை என்று கதறும் அப்பெண்ணை விட்டு, வெல்ஸ் நடிக்கும் கதாநாயகன் வெளியே நடந்து செல்கிறான். அவன் அறநெறி காக்கப்பட்டு விட்டதாம்! சாகக் கிடப்பவளை விட்டு நடப்பதை அறம் என்று காட்டும் கலைக்கு எத்தனை கண்ணாடிகள் இருந்தென்ன?

நமது வாதத்துக்கு எதிராக மதிக்கத்தக்க மறுப்பு ஒன்று உண்டு. அது பெண் அறிஞரிடமிருந்தே வருகிறது. 1978இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூலில் ஜேனி பிளேஸ் என்பவர், இப்படங்களில் நம் நினைவில் நிற்பது அப்பெண்களின் சாவன்று, வலிமையே என்று வாதிட்டார். ஹொலிவூட்டின் மற்றப் படங்களில் மனைவியாகவும் தாயாகவும் ஒடுங்கிக் கிடந்த பெண், இங்கேயாவது அறிவும் ஆசையும் துணிவும் உடையவளாக வருகிறாள் என்பது அவர் கருத்தின் சாரம்.

இதில் உண்மை உண்டு. பிலிஸாக நடித்த பாபரா ஸ்ரான்விக்கின் முகத்தை ஒருமுறை கண்டவர் மறவார். கொலை நிகழும் கணத்தில் கமரா கொலையைக் காட்டாது, காரோட்டும் அவர் முகத்தை மட்டும் காட்டுகிறது. அம்முகமோ எந்த வசனமும் சொல்லாத ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது. எனினும் அவ்வலிமை யாருடைய ஈட்டம்? திரைக்கதை அவருக்குத் தந்தது ஒரு பொய்க் கூந்தலும் ஒரு கால்சங்கிலியும். மிகுதியை ஒரு தொழிலாளி என்ற முறையில் ஸ்ரான்விக் தம் உழைப்பால் ஈட்டினார். நடிகையின் உழைப்பை நெறியாளனின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது.

மேலும், அப்பெண்ணுக்குத் தரப்பட்ட வலிமை எத்தகையது? ஆணை மயக்கும் வலிமை ஒன்றே. அவளுக்குத் தொழில் இல்லை. சொந்தப் பணம் இல்லை. மனம் திறந்து பேச ஒரு தோழி இல்லை. பிலிஸ் முன்னர் மருத்துவத் தாதியாக வேலை செய்தவள். அவள் செய்ததாக நாம் அறியும் ஒரே உழைப்பு அதுதான். அதையும் படம் கொலைச் சந்தேகமாக மாற்றி, பராமரித்த நோயாளியையே கொன்றவள் என்று ஐயுற வைக்கிறது. அவ்வையத்தை எழுப்புபவளும் இன்னொரு பெண்ணே. பெண்ணுக்குப் பெண்ணைப் பகையாக்கி, இருவரையும் ஆணின் தீர்ப்புக்கு விட்டுவிடும் பழைய தந்திரம் இது. தனித்து விடப்பட்டவளின் சூழ்ச்சியை விடுதலை என்று கொண்டாடுவது, சிறைப்பட்டவனின் நகக் கீறலைச் சுவரோவியம் என்று கொண்டாடுவதற்கு ஒப்பாகும்.

வேறு விதமாகக் கதை சொல்ல வழியே இருக்கவில்லையா? இருந்தது. டொறதி பி. ஹியூஸ் என்ற பெண் எழுத்தாளர் 1947இல் 'இன் எ லோன்லி பிளேஸ்' என்ற நாவலை எழுதினார். அதில் ஆபத்தானவன் ஆண். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெண்களைத் தேடிக் கொல்பவன். பார்வைக்கு நாகரிகமான அந்த முன்னாள் போர்வீரனின் மெய்யுருவை இனங்கண்டு கொள்வோர் இரு பெண்கள். 1950இல் நிக்கலஸ் றே இந்நாவலைப் படமாக்கினார். நாயகன் ஹம்பிரி போகார்ட். படத்தில் அந்நாயகன் கொலைக்குற்றமற்றவனாகிவிட்டான்! ஆணின் வன்முறையைக் கூர்ந்து நோக்கும் அரிய படம் அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பெண்ணொருத்தி எழுதிய குற்றப்பத்திரிகை ஆண்களின் கைக்கு மாறியதும் விடுதலைத் தீர்ப்பாகிவிட்டது என்பதைக் காணாதிருக்க முடியுமா? பெண்ணைக் கொலைகாரியாக்க நாவலில் இல்லாத கொலையைச் சேர்த்தனர்; ஆணைக் காக்க நாவலில் உள்ள கொலைகளை நீக்கினர்.

நம்மவரை நோக்கியே இறுதியாகச் சொல்ல வேண்டியது உண்டு. இப்படங்களோடு தொடர்புடையோர் பலர் இடதுசாரிகள். 'த மோல்டீஸ் பல்கன்' கதையை எழுதிய டஷியல் ஹமெற், தோழர்களின் பெயரைச் சொல்ல மறுத்து 1951இல் சிறை சென்றவர். அவரது தியாகத்துக்குத் தலைவணங்குவோம். அதனால் 1941இல் ஜோன் ஹியூஸ்ரன் எடுத்த படத்தின் முடிவு மாறிவிடுமா? பதினேழு ஆண்டுகளாகப் பொற்சிலையைத் தேடித் திரிந்த பேராசைக்காரன் பிடிபடுவதைப் படம் நமக்குக் காட்டவில்லை. பெண்ணின் முகத்தின்மேல் லிப்ற்றின் கம்பிக் கதவு சிறைக் கம்பிபோல் மூடுவதை மட்டும் ஆறவமரக் காட்டுகிறது. சிறை யாருக்கென்பதைக் கமரா அறிந்திருக்கிறது.

அதே இடதுசாரி வட்டத்திலிருந்து 1948இல் ஏப்ரகாம் பொலொன்ஸ்கி 'போர்ஸ் ஒவ் ஈவில்' என்ற படத்தைத் தந்தார். எண் சூதாட்டத்தை ஒரு பெருந்தொழில் எவ்வாறு விழுங்குகிறது, சட்டத்தரணியான தம்பி அண்ணனை எவ்வாறு அழிவுக்கு இட்டுச் செல்கிறான் என்பதே கதை. மயக்க முயலும் பெண் அங்கேயும் ஒருத்தி உண்டு. ஆனால் பழி அவள்மேல் விழவில்லை. குற்றம் வியாபாரம், வியாபாரம் குற்றம் என்று படம் நேருக்கு நேர் சொல்கிறது. பொலொன்ஸ்கி 1951இல் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் தம் பெயரில் படம் எடுக்க இயலாது போனார். முதலாளித்துவத்தைச் சாடுவதற்கு நச்சுப் பெண் தேவையில்லை என்பதற்கு இப்படமே சான்று. 1953இல் நடிகை ஐடா லுப்பினோ நெறிப்படுத்திய 'த ஹிச்ஹைக்கர்' இன்னொரு சான்று. அங்கே கொலைகாரனும் ஆண், அஞ்சி நடுங்குவோரும் ஆண்கள். நச்சுப் பெண்ணில்லாமலே அச்சம் குறைவற இருக்கிறது.

இப்படங்களைத் தடைசெய்ய வேண்டுமென்றோ பார்க்கலாகாதென்றோ நாம் கூறவில்லை. பிரிட்ஸ் லாங்கின் 'ஸ்கார்லெற் ஸ்றீற்' படத்தை 1946இல் நியூயோர்க்கிலும் வேறு சில நகரங்களிலும் தடைசெய்தோர் ஒழுக்கக் காவலர். அவர்கள் கூட்டு நமக்கு வேண்டாம். பார்ப்போம், மாணவர்க்கும் காட்டுவோம். காட்டும்போது மூன்று கேள்விகளையும் உடன் கேட்போம். கதையைச் சொல்பவர் யார்? இலாபம் அடைந்தவர் யார்? தண்டனை பெற்றவர் யார்? இம்மூன்றுக்கும் ஒரே விடை வராத படத்தை எதிர்கொள்ளும்போதெல்லாம் அந்த இடைவெளியை எழுதுவதே முற்போக்கு விமர்சகனின் கடமை.

காப்புறுதிக் கொம்பனியின் இலாபத்தையும் சூதாட்ட முதலாளியின் பேராசையையும் கண்டு சீறும் பேனா, அவற்றின் பழியைச் சுமந்து குண்டடிபட்டுச் சாகும் பெண்ணின் முன்னால் மட்டும் 'கலை' என்று கைகட்டி நிற்குமாயின், அது பாதி உலகத்துக்கு மட்டும் நீதி கேட்கும் பேனா. அப்பேனாவுக்கு முற்போக்கு என்ற பெயர் பொருந்தாது.